மனவடுவும் மதுப்பழக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் விக்ரோறியா தினம் வருகின்றது. அன்றிரவு ரொறன்ரோ மாநகரின் வானத்தில் வாணவெடிகள் வெடிக்கின்றன. பிள்ளைகள் கைதட்டி மகிழ்கின்றனர். ஆனால் அதே வேளையில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் சிலர் யன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, நெஞ்சு படபடக்க, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கின்றனர். 2009ஆம் ஆண்டில் விக்ரோறியா தினம் மே 18ஆம் திகதி வந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிவுக்கு வந்த நாளும் அதுவே. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர், மே 10ஆம் திகதி, இந்நகரத்துத் தமிழர் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி மறியல் செய்தனர். அவ்வருடத்து மே மாதத்தை மறவாதோர் எம்மிடையே பலர் உளர். வெடிச்சத்தம் கேட்டவுடன் அலுமாரியைத் திறந்து போத்தலை எடுப்போரும் சிலர் உளர்.

இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோரைப் பற்றியது. போரினாலும் வன்முறையினாலும் மனத்தில் ஏற்பட்ட காயமும், அதனை ஆற்றவென்று கைக்கொண்ட மதுப்பழக்கமும் ஒருவரிடத்தில் ஒருங்கே குடிகொண்டால், அவர் தம் உணர்ச்சிகளை எவ்வாறு ஆளுவது? இக்கேள்விக்கு இன்றைய மருத்துவம் தரும் விடைகளை எம்மவரின் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்வதே இங்கு நோக்கம்.

எமது சமூகத்தின் காயம்

1983 யூலை வன்செயலின் பின்னர் எம்மவர் இந்நாட்டுக்குப் பெருந்தொகையில் வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலிலிருந்து மீட்கப்பட்டனர். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்னும் கப்பல் 492 பேரைச் சுமந்துகொண்டு பிரித்தானிய கொலம்பியாக் கரையை அடைந்தது. இவ்வாறு வந்தோர் கொண்டுவந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தனர். நெஞ்சுக்குள் கொண்டுவந்ததை எவரும் திறந்து பார்க்கவில்லை. வந்தவர்களும் திறந்து காட்டவில்லை. இரண்டு வேலை, நிலவறை வீடு, ஊருக்கு அனுப்பவேண்டிய காசு, தங்கையின் கலியாணம் என்று ஓட்டமாய் ஓடியவர்களுக்கு அதற்கு நேரமும் இருக்கவில்லை.

ரொறன்ரோவில் வாழும் வயதுவந்த இலங்கைத் தமிழர் 1,603 பேரை வைத்தியர் மோட்டன் பைசரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2011இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். வாழ்நாளில் ஏதோவொரு காலத்தில் மனவடு நோய்க்கு ஆளானவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர் என்று அவ்வாய்வு கண்டது. எட்டுப் பேர் கூடியிருக்கும் ஓர் இடத்தில் ஒருவர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கோயில் அன்னதானப் பந்தியில் எத்தனை வரிசை, எத்தனை பேர் என்பது நீங்கள் அறிந்ததே.

‘மனவடு’ என்ற சொல் யாழ்ப்பாணத்து மருத்துவ வட்டாரத்தில் நன்கு பழகிய சொல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கிருந்து நோயாளரைப் பார்த்து, 1998இல் தமிழரின் மனக்காயம் பற்றி ஆங்கிலத்தில் விரிவானதொரு நூலை வெளியிட்டார். காயம் தனிமனிதருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே ஏற்படுகின்றது என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து. ஊர் சிதறி, அயல் சிதறி, ஆறுதல் சொல்ல வேண்டியவரே காயப்பட்டுக் கிடக்கும்போது, தனிமனிதரின் புண் ஆறுவதும் தாமதமாகின்றது.

மனவடு போரினால் மட்டும் வருவதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பிள்ளையைக் கைநழுவ விட்டவருக்கும், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவருக்கும், கணவனின் அடியுதை பட்டவருக்கும், தடுப்பு முகாமில் சித்திரவதைக்கு உள்ளானவருக்கும் அது வரலாம். அதன் அடையாளங்கள் நான்கு வகைப்படும். நடந்து முடிந்த சம்பவம் கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருதல். அதனை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு யாவற்றையும் விலக்கி நடத்தல். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கறுத்துப்போய், அன்பும் மகிழ்ச்சியும் மரத்துப்போதல். எந்நேரமும் ஏதோ நடக்கப்போகின்றது என்று உடல் விழிப்பாய் இருந்து, சிறு ஒலிக்கும் திடுக்கிடுதல். வியற்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் இவற்றைக் கண்ட பின்னரே, 1980இல் அமெரிக்க உளமருத்துவர்கள் இதனைத் தனியொரு நோயாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தனர்.

மது ஏன் மருந்தாகின்றது?

குடிப்பவரைக் கண்டால் எம்மவர் சொல்வது ஒன்றுதான்: ‘குடிகாரன், பொறுப்பில்லாதவன்.’ ஆனால் அவர் எதற்காகக் குடிக்கின்றார் என்று கேட்போர் குறைவு. எட்வேட் கன்ற்சியன் என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார். போதைப்பொருளை நாடுவோரிற் பலர் இன்பத்தைத் தேடி அதனிடம் போகவில்லை. தாங்கமுடியாத ஓர் உணர்ச்சியிலிருந்து தப்புவதற்கு அதனைத் தாமே தமக்கு மருந்தாகக் கொடுத்துக்கொள்கின்றனர் என்பதே அக்கருத்தின் சாரம். எம்மவரிடம் இதனை நேரிலேயே காணலாம். இரவு வேலை முடிந்து விடியற்காலை வீடு திரும்புபவர், கண்ணை மூடினால் கனவு வரும் என்ற பயத்தினால் இரண்டு கிளாஸ் விஸ்கியை ஊற்றிக்கொள்கின்றார். நித்திரை வருகின்றது. அடுத்த நாளும் ஊற்றுகின்றார்.

மருந்து வேலை செய்வது மெய். மது மூளையின் பரபரப்பை அமர்த்தும் இயக்கத்தைக் கூட்டி, தூண்டும் இயக்கத்தைக் குறைக்கின்றது. ஆகையால் முதல் ஓரிரு மணித்தியாலம் அமைதி கிடைக்கின்றது. ஆனால் மூளை தன் சமநிலையை விட்டுக்கொடுப்பதில்லை. அமர்த்தப்பட்டதற்கு ஈடாகத் தூண்டுதலைக் கூட்டிக்கொள்கின்றது. மது இறங்கியதும் அந்தக் கூடுதல் தூண்டுதல் மிஞ்சி நிற்கின்றது. அதனால்தான் அதிகாலை மூன்று மணிக்கு வியர்வையும் படபடப்புமாய் எழுந்து உட்காருகின்றார். நித்திரையின் முற்பாதியில் மது கனவை அமுக்குகின்றது. பிற்பாதியில் அமுக்கப்பட்ட கனவு இரட்டிப்பாய்த் திரும்புகின்றது. பயம் போவதற்குக் குடித்த குடியே அடுத்த நாளின் பயத்தைப் பெருக்குகின்றது. நாட்போக்கில் அதே அமைதிக்கு இரண்டு கிளாஸ் போதாமல் நாலு வேண்டியதாகின்றது.

இதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்றுண்டு. துக்கமும் பயமும் வந்து, ஏறி, இறங்கிப் போவன. அவற்றை ஒருமுறை முழுவதாகத் தாங்கி, ‘இது வந்தது, போயிற்று, நான் இன்னும் இருக்கின்றேன்’ என்று அறிந்தவருக்கு அடுத்த முறை அவ்வளவு அச்சம் இராது. ஒவ்வொரு முறையும் மதுவினால் அதனை அமுக்குபவருக்கு இவ்வறிவு கிடைப்பதேயில்லை. இருபது ஆண்டுக்கு முந்திய துக்கம் நேற்று வந்தது போலவே பச்சையாய்க் கிடக்கின்றது.

மதுவைப் பற்றிச் சொன்னவை யாவும் நித்திரைக் குளிசைக்கும், நோவுக்குக் கொடுக்கப்படும் அபினி வகை மருந்துகளுக்கும், கஞ்சாவுக்கும், ஓரளவுக்குச் சூதாட்டத்துக்கும் பொருந்தும். பெண்கள் போத்தலைத் தொடாமல் குளிசையைத் தொடுவதும் உண்டு. அது வெளியே தெரிவதில்லை. ஆகையால் அதற்கு உதவியும் கிடைப்பதில்லை. குளிசையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு கதவுகள்

இத்தகையவர் வைத்தியத்துக்குப் போனால் முன்னர் என்ன நடந்தது? மனநோய் வைத்தியர், ‘முதலில் குடியை நிற்பாட்டிவிட்டு வாரும்’ என்பார். குடிநோய் நிலையத்தார், ‘மனவருத்தத்துக்கு வேறிடம் போம்’ என்பர். குடியை விட்டால் கனவு வந்து கொல்லுகின்றது. கனவைத் தீர்க்கப் போனால் குடியைக் காட்டித் திருப்பி அனுப்புகின்றனர். இரு கதவுக்கும் நடுவே நின்று பலர் களைத்துப் போயினர்.

ரொறன்ரோவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மனநோய்க்கான கிளார்க் நிலையமும், மதுப்பழக்க ஆராய்ச்சிக்காக 1949இல் தொடங்கப்பட்ட அமைப்பும் கொலிஜ் வீதியை ஒட்டி ஒன்றுக்கொன்று அயலில் இருந்தும், வெவ்வேறு நிறுவனங்களாகவே நெடுங்காலம் இயங்கின. 1998இல்தான் இவ்விரண்டும், குயின் வீதி மனநல நிலையமும், டொன்வூட் நிலையமும் ஒன்றாக இணைக்கப்பட்டு இன்றைய ‘காம்ஏச்’ நிறுவனம் உருவாயிற்று. மனமும் பழக்கமும் ஒரே ஆளிடத்தில் உள்ளன என்பதை நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதற்கு அவ்வளவு காலம் சென்றது.

இன்றைய மருத்துவக் கருத்து வேறு. இரண்டையும் ஒருங்கே கவனிக்கவேண்டும் என்பதே அது. லிசா நஜாவிற்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட சிகிச்சை நூல் இவ்வழியில் முன்னோடியானது. பழைய சம்பவத்தைத் தோண்டுவதற்கு முன்னர், இன்று பாதுகாப்பாய் இருப்பதற்கான பழக்கங்களை ஒவ்வொன்றாய்க் கற்பிப்பது அதன் முறை. அடுத்து, 2012இல் அவுஸ்திரேலியாவில் 103 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. போதைப்பழக்கம் உள்ளவர்களிடம் பழைய நினைவுகளைப் பேச்சில் எடுத்தால் பழக்கம் மோசமாகிவிடும் என்று அஞ்சி வந்தனர். தேர்ந்தவரின் துணையோடு செய்தபோது அவ்வாறு மோசமாகவில்லை. மனவடுவின் கடுமை குறைந்தது என்று அவ்வாய்வு காட்டியது. எனவே, ‘குடியை விட்டபின் வா’ என்று எவரேனும் சொன்னால், அத்தோடு நின்றுவிடாமல் வேறிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு.

உணர்ச்சி எழும்போது செய்வது என்ன?

வைத்தியரிடம் போவது ஒருபுறமிருக்க, இரவு பத்து மணிக்கு உணர்ச்சி பொங்கி எழும்போது வைத்தியர் பக்கத்தில் இருப்பதில்லை. அந்த அரைமணி நேரத்தைக் கடப்பதே பெரிய காரியம்.

முதலாவது, உணர்ச்சிக்குப் பெயர் வைத்தல். எம்மவர், சிறப்பாக ஆண்கள், எல்லாவற்றையும் ‘கோபம்’ என்றோ ‘விசர்’ என்றோ சொல்லிவிடுவர். கோபமென்று வெளியே தெரிவதன் அடியில் பயம் இருக்கலாம். பயத்தின் அடியில் குற்றவுணர்வு இருக்கலாம். ‘எனக்கு இப்போது பயம் வந்திருக்கின்றது’ என்று வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில் அதன் பிடி சற்றுத் தளர்கின்றது.

இரண்டாவது, காலை நிலத்தில் ஊன்றுதல். பழைய நினைவு அடித்துச் செல்லும்போது உடல் ரொறன்ரோவிலும் மனம் வன்னியிலும் இருக்கும். மனத்தைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஐம்புலன்களும் உதவுகின்றன. பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். குளிர்நீரில் கையை வையுங்கள். இன்றைய திகதியையும், நிற்கும் வீதியின் பெயரையும், பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளையின் வயதையும் சொல்லுங்கள். ‘அது அன்று நடந்தது, இது இன்று’ என்று உடலுக்கு அறிவிப்பதே இதன் பயன்.

மூன்றாவது, மூச்சு. நாலு எண்ணும் நேரம் உள்ளிழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளிவிடுதல். வெளிவிடும் மூச்சு நீண்டால் இருதயத்தின் ஓட்டம் தணிகின்றது. சிறுவயதிலேயே தேவாரம் ஓதப் பழகியவர்கள் நாம். நீட்டி ஓதும்போது மூச்சு தானாகவே நீண்டு வெளிவருகின்றது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவத்தில் ஈடுபட்டோர் மனவடு உள்ளவர்களுக்கு மூச்சுப்பயிற்சியும் செபமும் தளர்வுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து வந்தமை குறிப்பிடத்தக்கது. அவரவர் பழகிய திருநாமத்தையோ மந்திரத்தையோ கொண்டு இதனைச் செய்யலாம். ஆயினும் ஒன்று: கண்மூடித் தனிமையில் இருக்கும்போது சிலருக்கு நினைவுகள் மேலும் கூடுவதுண்டு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, விளக்கைப் பார்த்தபடியோ நடந்தபடியோ செய்வது நல்லது.

நான்காவது, தவணை சொல்லுதல். குடிக்கவேண்டும் என்ற தவனம் அலைபோல ஏறி இறங்குவது. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அதன் உச்சம் கடந்துவிடும். ‘இனி ஒருபோதும் தொடமாட்டேன்’ என்ற சத்தியத்தைவிட, ‘அடுத்த அரைமணிக்குத் தொடமாட்டேன்’ என்பது காப்பாற்றக்கூடியது. அதற்குள் ஒருவருக்குத் தொலைபேசி எடுக்கலாம், சாப்பிடலாம், குளிக்கலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்திருக்கின்றது என்று பார்ப்பதும் பயன் தரும். இரண்டு வேலை செய்து, சாப்பிடாமல், வெறும் வீட்டுக்குத் திரும்புபவரிடம் நான்கும் சேர்ந்தே இருக்கின்றன.

ஐந்தாவது, நாட்காட்டியைப் பார்த்தல். மேயும் யூலையும் நவம்பரும் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம். உறவினர் இறந்த திதியும் அவ்வாறே. அந்நாள்களில் தனித்திராமல், யாரோடு இருப்பது, எங்கு போவது, வீட்டில் மது இராமற் பார்ப்பது எப்படி என்று முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும். 2024 செப்டெம்பர் தொடக்கம் ஒன்ராறியோவில் மூலைக்கடைகளிலும் பியரும் வைனும் விற்கப்படுகின்றன. பால் வாங்கப் போன இடத்திலும் போத்தல் நிற்கின்றது. ஆகையால் எந்தக் கடைக்கு, யாருடன் போவது என்பதும் சிந்திக்கவேண்டியதாயிற்று.

உயிர் தப்பிய குற்றவுணர்வைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ‘அவர்கள் செத்தார்கள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்’ என்ற கேள்வி பலரைத் தின்றுகொண்டிருக்கின்றது. ‘அதை மறந்துவிடு’ என்று அவரிடம் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. இறந்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்ய முடியாமற் போனதே அவர் நெஞ்சில் கிடந்து உறுத்துகின்றது. உடல் கிடைக்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை, எட்டும் முப்பத்தொன்றும் நடக்கவில்லை. ஊரில் ஒப்பாரியும் செத்தவீட்டுக் கூட்டமும் துக்கத்தை ஊரோடு பகிர்ந்தன. இங்கே ஒருவர் நிலவறையில் தனியே குடித்து அழுகின்றார். காலம் கடந்தாயினும் திதி கொடுப்பதும், படத்துக்கு விளக்கேற்றி நாலுபேரோடு இருந்து அவரைப் பற்றிப் பேசுவதும் பலருக்கு ஆறுதல் தந்துள்ளன. காணாமற்போனவரின் குடும்பத்துக்கு இதுவும் இலகுவன்று. இறந்தார் என்று கொள்ளும்படி அவர்களை வற்புறுத்துதல் தகாது.

விரதம் பிடிப்போர் கவனத்துக்கு

இப்பத்தியை எல்லோரும் ஊன்றி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். கந்தசஷ்டி வருகின்றது. ‘ஆறு நாளும் தொடமாட்டேன்’ என்று சங்கற்பம் செய்வோர் உளர். நல்ல எண்ணந்தான். எப்போதாவது குடிப்பவருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் நாள்தோறும் பெருமளவில் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிராபத்தானது.

நிறுத்தி ஆறு தொடக்கம் இருபத்துநாலு மணித்தியாலத்துள் கைநடுக்கம், வியர்வை, சத்தி, பதற்றம் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தோன்றி, காய்ச்சலும் படபடப்பும் கூடும். கவனியாது விட்டால் மரணமும் நேரலாம். பாலும் பழமும் மட்டும் உட்கொண்டு இருப்பவருக்கு இவ்வாபத்து மேலும் கூடுகின்றது. சூரன்போர் நடக்கும் முன்னரே இந்த ஆறு நாளுக்குள் அடங்கிவிடும் அபாயம் இது. வலிப்பையும் பிதற்றலையும் ‘சாமி வந்திருக்கிறது’ என்றோ ‘பேய் பிடித்திருக்கிறது’ என்றோ எண்ணிக் காலத்தைக் கடத்தவேண்டாம். உடனே 911ஐ அழையுங்கள்.

நாள்தோறும் குடிப்பவர் வைத்தியரின் மேற்பார்வையில் சில நாட்கள் மருந்தெடுத்து நிறுத்துவதே முறை. நித்திரைக் குளிசையை நெடுநாள் எடுத்தவருக்கும் இது பொருந்தும். அதனையும் படிப்படியாகவே குறைக்கவேண்டும். அதன்பின் விரதம் தாராளமாகப் பிடிக்கலாம். திருக்குறளிலும் திருமந்திரத்திலும் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே உண்டு. அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க விரும்புபவர், உயிரோடு இருந்து கடைப்பிடிக்க வேண்டுமல்லவா?

வீட்டிலுள்ளோருக்கு

குடும்பத்தைச் சேர்த்துக் கவனியாமல் இந்நோய் தீராது என்பதைச் சென்னையில் ஒரு பெண்மணி செயலிற் காட்டினார். மதுநோயினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டுமன்றி மனைவி மக்களுக்கும் அங்கே ஆலோசனை வழங்கப்படுகின்றது. இப்பணிக்காக 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

வீட்டார் அறியவேண்டியவை சில. வெறியில் இருப்பவரோடு தர்க்கம் செய்யவேண்டாம். காலையில் தெளிந்தபின் பேசுங்கள். ‘உங்களாலே குடும்பமே நாசம்’ என்பதிலும் பார்க்க, ‘நேற்று இரவு நீங்கள் கத்தினபோது பிள்ளை மேசைக்குக் கீழே போய் ஒளிந்தவள்’ என்று நடந்ததைச் சொல்வது நெஞ்சில் தைக்கும். அவருக்காக வேலைத்தலத்துக்குப் பொய் சொல்வதும், கடனைக் கட்டி மறைப்பதும் அன்பினால் செய்வனவே. ஆயினும் அவை நோயை நீட்டிக்கின்றன. உறங்கும்போது கனவில் அலறுபவரைத் தொட்டு உலுப்பி எழுப்பாதீர்கள். எட்டி நின்று, பெயர் சொல்லி, விளக்கைப் போட்டு எழுப்புங்கள். இல்லையேல் தன்னையறியாமலே அடித்துவிடவும் கூடும்.

இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். மனவடு கோபத்துக்குக் காரணமாகலாம். ஆனால் மனைவியை அடிப்பதற்கு அது நியாயமாகாது. ‘பாவம், அவர் பட்ட பாடு’ என்று சொல்லி அடியைப் பொறுக்கும்படி ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வது, மூத்தோர் எவருக்கும் தகாது. அவளுடைய பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் முதலாவது. சிகிச்சை அதற்கு அடுத்தது.

திரும்பவும் குடித்துவிட்டால்? இந்நோயில் அது வழமை. சர்க்கரை வியாதிக்காரர் ஒருநாள் இனிப்புச் சாப்பிட்டால் நாம் அவரைக் கைவிடுவதில்லை. எந்த உணர்ச்சியால், எந்நேரத்தில், யாரோடு இருக்கையில் வழுக்கினார் என்று பார்த்து மறுபடி தொடங்கவேண்டும். வெட்கத்தினால் ஒளிப்பவர் மேலும் குடிப்பார். வெட்கப்படாமல் வந்து சொல்லக்கூடிய ஓர் ஆள் இருந்தாலே பாதி நன்மை.

எங்கே போவது?

முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மதுத் தவனத்தைக் குறைக்கும் நல்ட்ரெக்சோன், அகாம்புரொசேற் போன்ற மருந்துகள் உண்டு என்பதை எம்மவரிற் பலர் அறியார். கேட்டால் அன்றிக் கிடைப்பதும் அருமை. ஒன்ராறியோவில் ‘றாம்’ எனப்படும் விரைவுச் சிகிச்சை நிலையங்களுக்கு வைத்தியரின் கடிதமின்றியே போகலாம். ‘கொனெக்ஸ் ஒன்ராறியோ’ என்னும் தகவற்சேவையை 1-866-531-2600 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைத்து, அண்மையில் எங்கு உதவி உண்டு என்று கேட்டறியலாம். சித்திரவதைக்கும் போருக்கும் ஆளாகி வந்தோருக்கென, 1983இல் பதிவுசெய்யப்பட்ட சித்திரவதைக்குள்ளானோருக்கான கனேடிய நிலையம் இந்நகரில் இயங்கிவருகின்றது. ‘அல்கொஹொலிக்ஸ் அனொனிமஸ்’ என்னும் மதுமறுப்போர் குழு 1943 முதல் ரொறன்ரோவில் கூடுகின்றது. அங்கே பெயரும் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குடும்பத்தாருக்கு ‘அல்-அனொன்’ என்ற குழு உண்டு. அடியுதைக்கு ஆளாகும் பெண்கள் 416-863-0511 என்ற இலக்கத்தை அழைக்கலாம். உயிரை மாய்க்க எண்ணம் வந்தால் 9-8-8. 2023 நவம்பர் இறுதியில் தொடங்கிய இச்சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இரவு பகலாய்க் கிடைக்கின்றது.

வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தகப்பனின் குடியையும் சித்திரவதையையும் மகளின் வாயால் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வைத்தியரிடம் சொன்னது சட்டப்படி இரகசியம். குழந்தைகளின் பாதுகாப்பு, உயிராபத்து, வாகனம் ஓட்டும் தகுதி ஆகியவை பற்றிய சில விதிவிலக்குகளை அவரிடமே முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2023இல் வெளியான கனேடிய வழிகாட்டல், வாரத்துக்கு இரண்டு அளவுக்கு மேற்படாமல் குடிப்பதே குறைந்த ஆபத்து என்கின்றது. ஓர் அளவென்பது 341 மில்லிலீற்றர் பியர், அல்லது 142 மில்லிலீற்றர் வைன், அல்லது 43 மில்லிலீற்றர் விஸ்கி. எமது பிறந்தநாள் விழாக்களில் ஊற்றப்படும் ஒரு கிளாசை அளந்து பார்ப்பவர் எத்தனை பேர்? ‘ஒன்று எடுங்கோ அண்ணை’ என்று மூன்று தரம் வற்புறுத்துவதை நாம் உபசாரம் என்று எண்ணுகின்றோம். வேண்டாம் என்று சொன்னவர் எந்த இரவைக் கடந்து வந்து அப்படிச் சொன்னார் என்பதை நாம் அறியோம். முதல் தரம் மறுத்தவுடனே ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுங்கள். பக்கத்தில் இருந்து பேசுங்கள். இவ்வாண்டு மே மாதத்திலும் வாணவெடி வெடிக்கத்தான் போகின்றது. அன்றிரவு தனித்திருக்கும் ஒருவரின் வீட்டு மணியை அடிப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.